ஒருவருடைய புரோகிராம் மெமரியை இன்னொருவர் எட்டிப் பார்க்காமல் கெர்னலைக் கட்டிப்போடுவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். இருப்பது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். மூன்று கிராணிகள் (எழுத்தர்கள்) அதில் நுழைந்து வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு ஒரே யூசர் பெயர். சர்வர் மெதுவாக ஓடுகிறதே என்று நீங்கள், ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியல் போடும் 'பிஎஸ்' கட்டளையைத் தட்டினால், இன்னொருவர் ஓடவிட்ட சம்பளப் புரோகிராமின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு திரையில் பளிச்சென்று தெரிகிறது. மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டால், "கெர்னல் லீக் ஆகுது, புது சர்வர் வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; மெமரியையும் புரோகிராம்களையும் நிர்வகிப்பது அதுதான்.) புது சர்வர் வேண்டுமா, இல்லை இருப்பதையே சரிசெய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி.

புது சர்வர் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள், இடி மின்னல் காலத்தில் உதவும். புது சர்வரிலும் அதே லினக்ஸ்தான் ஓடும், அதே 'பிஎஸ்' அதே பாஸ்வேர்டைக் காட்டும்.

நீங்கள் பார்த்தது கசிவே கிடையாது. "இந்தப் புரோகிராம் எந்தக் கட்டளையோடு கிளம்பியது?" என்று கெர்னலைக் கேட்டீர்கள், அது சொன்னது. யார் கேட்டாலும் சொல்லும். எஸ்டேட் ஆபீஸ் கவுண்டரில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்தால், வரிசையில் நிற்கிறவர் எல்லாருடைய சம்பளத்தையும் தலைகீழாகவே படித்துவிடுவார் இல்லையா, அது மாதிரி. கெர்னல் இப்படித் தெரிந்தே சொல்கிற விஷயங்கள் ஒரு வகை. தனக்கே தெரியாமல் வெளியே விட்டுவிடுகிற விஷயங்கள் இன்னொரு வகை. செய்திகளில் அடிபடுவது இரண்டாவது வகை. உங்களைப் போன்ற சின்ன அலுவலகத்தில் முக்கால்வாசித் தொல்லை முதல் வகையில்தான், அதனால் அதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

லினக்ஸில் 'ப்ராக்' என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. ஹார்டுடிஸ்கில் அப்படி ஒன்றும் கிடையாது; நீங்கள் திறக்கிற நொடியில் கெர்னல் தயாரித்துக் கொடுப்பது. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும், அதாவது புரோசஸுக்கும், அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு டைரக்டரி அதற்குள் இருக்கும். அதில் 'சிஎம்டிலைன்' என்ற கோப்பு, அந்தப் புரோகிராமைக் கிளப்பிய கட்டளையை அப்படியே வைத்திருக்கும். 'பிஎஸ்' படிப்பது இதைத்தான். சர்வரில் யூசர் கணக்கு உள்ள எவரும் படிக்கலாம் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. 'என்விரான்' என்ற கோப்பில் என்விரான்மென்ட் வேரியபிள்கள், அதாவது கிளம்பும்போது புரோகிராமுக்குக் கொடுத்தனுப்பும் மதிப்புகள். 'மேப்ஸ்' என்ற கோப்பில் மெமரியின் வரைபடம். 'மெம்' என்பது மெமரியேதான்.

'மேப்ஸ்' கோப்பின் ஒரு வரியைப் பாருங்கள். முதலில் இரண்டு நீண்ட பதினறும எண்கள், நடுவில் ஒரு கோடு: இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை. பிறகு நாலு எழுத்து: படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா, தனிச் சொந்தமா பங்கு போட்டதா. கடைசியில் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற பெயர், இல்லாவிட்டால் ஹீப் (புரோகிராம் தன் தரவை வைக்கும் இடம்), ஸ்டாக் (நடப்பு வேலையின் தற்காலிக இடம்) என்ற குறிப்பு. ஹீப் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால், 'மெம்' கோப்பைத் திறந்து அந்த முகவரிக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். சம்பளப் பட்டியலை மெமரியில் ஏற்றி வைத்திருக்கிற புரோகிராம் என்றால், பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், இபிஎஃப் (சேமநிதி) கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாக வந்து விழும்.

இதற்குக் காவல் இல்லாமல் இல்லை. 'மேப்ஸ்' கோப்பின் அனுமதியைப் பார்த்தால் எல்லாரும் படிக்கலாம் என்று போட்டிருக்கும். ஆனால் இன்னொரு யூசரின் புரோசஸுக்கு உரியதைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். கோப்பின் மேல் எழுதியிருக்கிற அனுமதியை மட்டும் பார்க்காமல், கேட்கிறவருக்கு அந்தப் புரோசஸை டீபக் செய்ய, அதாவது ஓடும்போதே உள்ளே பார்த்து ஆராய, உரிமை உண்டா என்றும் கெர்னல் பார்க்கிறது. அந்தச் சோதனையில் இரண்டு படி. 'மேப்ஸ்', 'என்விரான்' போன்றவற்றுக்குப் படிக்கும் உரிமை போதும். 'மெம்' கோப்புக்கோ புரோசஸோடு ஒட்டிக்கொள்ளும் உரிமை, அதாவது இன்னும் கடுமையான படி, தேவை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனையின் அடிப்படை யூசர் அடையாளம். ஒரே யூசர் என்றால் கெர்னலுக்கு ஒரே ஆள். உங்கள் ஆபீஸில் இரண்டு பேர் ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்றீர்களே, அவர்களுக்கு நடுவில் கெர்னல் எந்தச் சுவரும் எழுப்பாது, எழுப்பவும் தெரியாது. அதனால் முதல் வேலை: ஆளுக்கு ஒரு யூசர் கணக்கு. இரண்டாவது வேலை: சம்பளப் புரோகிராமுக்கென்று தனியாக ஒரு யூசர், யாரும் அந்தப் பெயரில் நேரடியாக நுழைய முடியாதபடி. கிராணிகள் புரோகிராமைத் தங்கள் பெயரில் ஓட்டக் கூடாது. அந்த ஒரு கட்டளையை மட்டும் சம்பள யூசராக ஓட்ட, இன்னொரு யூசர் பெயரில் கட்டளை ஓட்ட விடும் 'சூடோ'வில் விதி எழுதிக் கொடுங்கள். எல்லாருக்கும் முழு 'சூடோ' கொடுத்திருந்தால் இன்றே பிடுங்குங்கள். ரூட் உரிமை, அதாவது முழு நிர்வாகி உரிமை, உள்ளவருக்கு முன்னால் நான் இங்கே எழுதுகிற பெரும்பாலான பூட்டுகள் திறந்த பூட்டுகள்.

அப்புறம் அந்தப் பாஸ்வேர்டு. கட்டளை வரியில் பாஸ்வேர்டு கொடுப்பதை நிறுத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் போன்ற சில புரோகிராம்கள், கிளம்பியதும் கட்டளை வரியில் உள்ள பாஸ்வேர்டைத் தாமாகவே அழித்துவிடும். ஆனாலும் ஒரு கண நேரம் அது வெளியே தெரியும் என்று அவர்களுடைய கையேடே எச்சரிக்கிறது. உங்கள் மென்பொருள்காரர் எழுதிய ஸ்கிரிப்டு அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். கட்டளை வரிக்கு அது மேல்தான், ஆனால் அதே யூசரின் எந்தப் புரோசஸும் அதைப் படிக்கலாம், புரோகிராம் கிளப்புகிற ஒவ்வொரு துணைப் புரோகிராமுக்கும் அது பரம்பரைச் சொத்தாகப் போகும். சம்பள யூசர் மட்டும் படிக்கக்கூடிய ஒரு கோப்பில், 600 அனுமதியோடு வைப்பது நல்லது. அதைவிட நல்ல வழி உங்களுக்கு இருக்கிறது. டேட்டாபேஸ் அதே சர்வரில்தானே ஓடுகிறது? போஸ்ட்கிரஸ் என்றால் 'பியர்' முறை, மரியாடிபி என்றால் 'யுனிக்ஸ் சாக்கெட்' முறை. யார் கதவைத் தட்டுகிறார் என்று டேட்டாபேஸ் கெர்னலையே கேட்டுத் தெரிந்துகொள்ளும். பாஸ்வேர்டே தேவைப்படாது, பிறகு எது கசியும்?

மற்றவர்களுடைய புரோசஸ் பட்டியலே கண்ணில் படாமல் செய்ய 'ஹைட்பிட்' என்ற மவுண்ட் விருப்பம், அதாவது 'ப்ராக்'கை இணைக்கும்போது கொடுக்கும் விருப்பம், இருக்கிறது. 2012-இல் வந்த லினக்ஸ் 3.3-இலிருந்தே உண்டு. 1 என்று வைத்தால், மற்ற யூசர்களின் புரோசஸ் எண்கள் தெரியும், உள்ளே நுழைய முடியாது. 2 என்றால் அந்த டைரக்டரிகளே கண்ணுக்குத் தெரியாது. 'பிஎஸ்' தட்டுகிறவருக்குத் தன்னுடைய புரோகிராம்கள் மட்டுமே தெரியும். இதில் ஒரு சங்கடம் உண்டு, சிஸ்டம்டி (சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் புரோகிராம்) உள்ள டிஸ்ட்ரோக்களில், லாகினையும் உரிமைகளையும் கவனிக்கும் 'லாகின்டி'யும் 'போல்கிட்'டும் மற்றவர்களின் புரோசஸைப் பார்த்தாக வேண்டும்; கண்ணைக் கட்டிவிட்டால் லாகின் விவகாரங்களில் விநோதமான கோளாறுகள் வரும். மவுண்ட் விருப்பத்திலேயே ஒரு குரூப்புக்கு விலக்குக் கொடுத்து, அந்தச் சேவைகளை அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். இதை மாற்றும்போது சர்வருக்கு முன்னால் நேரில் உட்கார்ந்து செய்யுங்கள், ஈப்போவில் இருந்துகொண்டு ரிமோட்டில் வேண்டாம்.

சிஸ்டம்டியிலேயே 'புரொடெக்ட்ப்ராக்' என்று ஒரு விருப்பமும் இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரு சேவை மற்றவர்களைப் பார்க்காமல் தடுக்கும். மற்றவர்கள் அந்தச் சேவையைப் பார்ப்பதைத் தடுக்காது. உங்கள் சர்வரில் வெப் சர்வர் ஓடினால் அதற்கு இதைப் போடுங்கள். வெளியிலிருந்து யாராவது உள்ளே புகுந்தால் அந்த வழியாகத்தான் புகுவார்கள், புகுந்தவர் கண்ணில் சம்பளப் புரோகிராம் படாமல் இருக்கும்.

ஒரே யூசருக்குள் என்ன செய்வது? இதற்கு 'யாமா' என்ற பாதுகாப்பு மாட்யூல் இருக்கிறது, லினக்ஸ் 3.4 முதல். அதில் 'பிடிரேஸ் ஸ்கோப்' என்ற ஒரு எண். 0 என்றால் பழைய காலம்: ஒரே யூசரின் புரோசஸ்கள் ஒன்றின் மெமரியை ஒன்று தாராளமாகத் தோண்டலாம். 1 என்றால் ஒரு புரோசஸ் தன் வழிவந்த புரோசஸ்களை மட்டுமே தோண்டலாம். உபுண்டுவில் இதுவே வழக்கம். 2 என்றால் நிர்வாகி மட்டும். 3 என்றால் யாருக்கும் கிடையாது, ரீபூட் செய்யும்வரை மாற்றவும் முடியாது. சம்பள சர்வரில் டீபக்கருக்கு என்ன வேலை? 2 வையுங்கள்.

ஆனால் மேலே இரண்டு படி என்று சொன்னேனே, அது இங்கேதான் கால் வாரிவிடும். யாமா தடுப்பது ஒட்டிக்கொள்ளும் உரிமையை மட்டுமே. 'மெம்' மூடிவிடும். 'என்விரான்', 'மேப்ஸ்' இரண்டும் படிக்கும் உரிமைக்கு உட்பட்டவை, ஒரே யூசருக்கு அவை திறந்தே இருக்கும். 'பிடிரேஸ் ஸ்கோப் வைத்துவிட்டோம், இனி பயமில்லை' என்று இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதையும் மூட வேண்டுமென்றால் புரோகிராம் தானே கெர்னலிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். 'பிஆர்சிடிஎல்' என்ற அழைப்பில், 'டம்பபிள்' என்ற குணத்தை 0 ஆக்கினால், அந்தப் புரோசஸின் 'ப்ராக்' கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதே யூசர்கூடப் படிக்க முடியாது, டீபக்கர் ஒட்ட முடியாது, கிராஷ் ஆனாலும் மெமரி நகல் எழுதப்படாது. எஸ்எஸ்எச் ஏஜென்ட் தன் சாவிகளைக் காப்பாற்ற இதைத்தான் செய்கிறது. வெளியே ஒரு ஷெல் ஸ்கிரிப்டு எழுதி அதிலிருந்து போட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது, புதுப் புரோகிராமுக்குத் தாவும்போது கெர்னல் அந்தக் குணத்தைப் பழையபடி மாற்றிவிடும். புரோகிராமுக்குள்ளேயே, தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். பைத்தானில் சிடைப்ஸ் வழியாக ஒரு வரி. புது சர்வர் வாங்கச் சொன்னவர்களிடம் இந்த ஒரு வரியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இப்போது கோர் டம்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். புரோகிராம் கிராஷ் ஆனால், ஏன் செத்தது என்று ஆராய்வதற்காகக் கெர்னல் அதன் மெமரியைக் கொட்டிக் கொடுக்கும். சிஸ்டம்டி சர்வர்களில் அது 'வார் லிப் சிஸ்டம்டி கோர்டம்ப்' என்ற பாதையில் போய்ச் சேரும். ஓடுகிற புரோகிராமின் மெமரி புரோகிராம் முடிந்ததும் போய்விடும். டிஸ்கில் விழுந்த நகல் கிடந்துகொண்டே இருக்கும், பேக்கப் எடுத்தால் அதோடும் போகும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உண்மையான சம்பளத் தரவோடு வேண்டாம். ஒரு டெஸ்ட் மெஷினில், கற்பனைப் பெயர்களைப் போட்டு, புரோகிராமை ஓடவிடுங்கள். ரூட்டாக இருந்து 'ஜிகோர்' கட்டளையால் ஒரு மெமரி நகல் எடுங்கள். அதன் மேல், எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கும் 'ஸ்ட்ரிங்ஸ்' ஓடவிட்டு, ஆறு இலக்கம், கோடு, இரண்டு இலக்கம், கோடு, நாலு இலக்கம் என்ற அமைப்பைத் தேடுங்கள். நம் ஐசி நம்பருக்கு அப்படி ஓர் அமைப்பு இருப்பது திருடனுக்கு எவ்வளவு வசதி என்று அப்போது தெரியும். பிறந்த தேதி முன்னால், பேராக்கில் பிறந்தவருக்கு நடுவில் 08. அகப்படுகிற ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். ஒரே எண் பல இடத்தில் வருவதையும் பார்ப்பீர்கள், பைத்தான் ஒரு சரத்தைக் கையாளும் வழியில் எத்தனையோ நகல் எடுத்துவிடும்.

இந்த வழியில் பழைய ஓட்டைகள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு ஓட்டைகளை வெளியிட்டார்கள்: கிராஷ்களைக் கவனிக்கும் உபுண்டுவின் 'அப்போர்ட்'டில் ஒன்று, சிவிஇ-2025-5054, சிஸ்டம்டி கோர்டம்பில் ஒன்று, சிவிஇ-2025-4598 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்). ரூட் உரிமையோடு ஓடும் ஒரு புரோகிராமைக் கிராஷ் ஆக்கி, கிராஷைக் கவனிக்க வரும் புரோகிராம் பார்ப்பதற்குள் அதே எண்ணில் வேறொரு புரோசஸை நிறுத்தி ஏமாற்றினால், அந்த மெமரி நகல் சாதாரண யூசர் கைக்கு வந்துவிடும். அதிலிருந்து பாஸ்வேர்டு ஹாஷ்களை, அதாவது பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவங்களை, எடுத்துக் காட்டினார்கள். 'சூயிட் டம்பபிள்' என்ற சிஸ்டம் மதிப்பை 0 ஆக வைத்திருந்தவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது.

ஆகவே அதை 0 வையுங்கள். கோர் அளவு வரம்பையும் 0 ஆக்குங்கள், ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. கிராஷ் நகலை இன்னொரு புரோகிராமுக்குக் குழாய் வழியாக அனுப்பும் ஏற்பாடு இருந்தால், அந்த 0 வரம்பைக் கெர்னல் கட்டாயப்படுத்தாது, வாங்குகிற புரோகிராம் மனது வைத்தால் உண்டு. அதனால் கோர்டம்ப் கான்ஃபிக் கோப்பில் 'ஸ்டோரேஜ்' மதிப்பை 'நன்' என்றும், புரோசஸ் அளவு உச்சத்தை 0 என்றும் மாற்றுங்கள். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய நகல்களை அழியுங்கள்.

ஸ்வாப்பும் இதே கதைதான். ராம் போதாதபோது கெர்னல் மெமரிப் பக்கங்களை, அதாவது மெமரியின் சிறு துண்டுகளை, டிஸ்கில் எழுதும், எந்தப் பக்கத்தில் ரகசியம் என்று அதற்குத் தெரியாது. சாவி போன்ற சின்னச் சங்கதிகளை 'எம்லாக்' அழைப்பால் ராமிலேயே கட்டிவைக்கலாம், முழுச் சம்பளப் பட்டியலை அப்படிக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஸ்வாப் பகுதியை ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக உண்டாகும் சாவியால் என்கிரிப்ட் செய்துவிடுங்கள். 'கிரிப்ட்டேப்' கோப்பில் ஒரு வரி. ஓப்பன்பிஎஸ்டியில் இது கேட்காமலே வருகிறது. இப்படிச் செய்தால் ஹைபர்னேட் செய்ய முடியாது, சர்வருக்கு அது எதற்கு? டிஸ்க் கெட்டுப்போய்க் கடையில் கொடுத்து மாற்றும்போது, பழைய டிஸ்க் யார் கைக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இது.

இனி இரண்டாவது வகை, கெர்னல் தெரியாமல் விடுவது. இங்கே உங்கள் வேலை குறைவு, கெர்னல் எழுதுகிறவர்கள் வேலை அதிகம். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் எந்தச் சுவிட்சைத் தொட வேண்டும் என்பது புரியும்.

கெர்னலுக்குள் ஒரு ஸ்டிரக்ட், அதாவது சில புலங்களைச் சேர்த்துக் கட்டிய தரவுத் தொகுப்பு, இருக்கிறது என்று வையுங்கள், முதலில் 1 பைட் எழுத்து, அடுத்து 4 பைட் எண். கூட்டினால் 5. கம்பைலர் எண்ணை நாலின் மடங்கான இடத்தில் வைக்க விரும்புவதால் நடுவில் 3 பைட் காலியாக விட்டு 8 ஆக்கும். கெர்னல் புரோகிராமர் இரண்டு புலங்களையும் ஒழுங்காக நிரப்பி, எட்டு பைட்டையும் யூசர் புரோகிராமுக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறார். நடுவில் உள்ள 3 பைட்டை யாரும் நிரப்பவில்லை; சற்று முன் அதே இடத்தில் கெர்னல் வேறு யாருக்கோ செய்த வேலையின் மிச்சம் அதில் கிடக்கிறது. ஒருமுறை 3 பைட் ஒன்றும் பெரிதல்ல. அந்த அழைப்பை லட்சம் முறை செய்தால்? இந்த மாதிரி ஓட்டைகள் லினக்ஸில் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றாக அடைப்பதில் முடிவே இல்லை. அதனால் 2019-இல் வந்த 5.3 பதிப்பில் மொத்தமாக ஒரு வழி செய்தார்கள்: 'இனிட் ஆன் அலாக்' என்ற பூட் விருப்பம், கெர்னல் ஒதுக்கும் மெமரியைக் கொடுக்கும் முன்பே பூஜ்யமாக்கும். 'இனிட் ஆன் ஃப்ரீ' என்பது திரும்ப வாங்கியதும் பூஜ்யமாக்கும். ஸ்டாக்கில் இருக்கும் வேரியபிள்களுக்கும் அதே வேலையைக் கம்பைலரே செய்யும் ஏற்பாடு பின்னால் வந்தது.

முதல் விருப்பம் உபுண்டுவில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு வேகத்தில் கொஞ்சம் அதிக விலை கொடுக்க வேண்டும், ஆனால் முடிந்துபோன புரோகிராமின் தரவு ராமில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை அது குறைக்கும். மாதத்துக்குச் சில முறை சம்பளம் ஓட்டுகிற சர்வருக்கு அந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது. போடுங்கள். (ஒரு யூசரின் பழைய மெமரிப் பக்கம் அப்படியே இன்னொரு யூசருக்குப் போகுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். யூசர் புரோகிராமுக்குக் கொடுக்கும் பக்கத்தைக் கெர்னல் எப்போதுமே துடைத்துத்தான் கொடுக்கிறது.)

முகவரிக் கசிவு என்பது கொஞ்சம் வேறு மாதிரி. முகவரியில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் தாக்குகிறவன் எங்கே குறிவைப்பது என்று தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் கெர்னலும் புரோகிராம்களும் ஒவ்வொரு முறையும் மெமரியில் இடம் மாறி உட்காருகின்றன. ஒரு முகவரி தெரிந்தாலும் அந்த ஒளிந்து விளையாடல் முடிந்தது. 2009-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தாவிஸ் ஓர்மண்டியும் ஜூலியன் டின்னஸும், 'ப்ராக்'கில் உள்ள 'ஸ்டாட்' கோப்பு எந்த யூசருக்கும் மற்றப் புரோசஸின் ஸ்டாக் முகவரியைக் காட்டிக்கொண்டிருந்ததை எடுத்துக் காட்டினார்கள். 2015-இல் ரோஹேமர் தாக்குதலை (ராமின் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு, பக்கத்து இடத்தின் பிட்டுகளை மாற்றுவது) செய்து காட்டியபோது 'பேஜ்மேப்' கோப்பு தரும் நிஜ ராம் முகவரிகள் பயன்பட்டன, 4.2 பதிப்பிலிருந்து உரிமை இல்லாதவருக்கு அந்த இடத்தில் பூஜ்யம்தான் வரும். 2018 ஜனவரியில் வந்த 4.15 முதல், கெர்னல் லாகில் அச்சாகும் பாயின்டர்கள், அதாவது முகவரிகள், ஹாஷ் செய்யப்பட்டு உருமாறி வருகின்றன.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு சிஸ்டம் மதிப்புகள்தான். 'கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட்' 1 அல்லது 2. 'டிமெசேஜ் ரெஸ்ட்ரிக்ட்' 1. இரண்டாவது ஏன் என்று கேட்கலாம். ஒரு புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆனால் கெர்னல் லாகில் ஒரு வரி விழும்: புரோகிராம் பெயர், எண், எந்த முகவரியைத் தொட்டது, அப்போது இன்ஸ்டிரக்ஷன் பாயின்டர் எங்கே, ஸ்டாக் பாயின்டர் எங்கே. பாதுகாத்து வைத்த முகவரிகளை லாகில் எல்லாரும் பார்க்க எழுதிவைப்பதில் என்ன பயன்?

மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2018 ஜனவரியில் வெளியானது, சிவிஇ-2017-5754. அதுவரை கெர்னலின் முகவரிகளும் ஒவ்வொரு புரோசஸின் பக்க அட்டவணையிலேயே (எந்த முகவரி ராமில் எங்கே என்று சொல்லும் அட்டவணை) இருந்தன, தொடத்தான் அனுமதி இல்லை. கெர்னலோ மொத்த ராமையும் தன் பங்கில் வரைந்து வைத்திருந்தது. பாதிக்கப்பட்ட பிராசஸர்கள், பெரும்பாலும் இன்டெல், அனுமதி இருக்கிறதா என்ற விடை வருவதற்குள் அந்த மெமரியைப் படித்து முன்கூட்டியே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிடும். தப்பு என்று தெரிந்ததும் திரும்பி வந்தாலும், கேஷில், அதாவது பிராசஸரின் வேகமான தற்காலிக மெமரியில், பதிந்த தடம் போகாது. அந்தத் தடத்தை நேரத்தைக் கணக்கிட்டுப் படித்தால் அடுத்தவர் மெமரி கைக்கு வரும். கெர்னலுக்கு ஒன்று, புரோகிராமுக்கு ஒன்று என்று பக்க அட்டவணைகளைப் பிரித்துவைப்பதுதான் தீர்வு. உங்கள் பழைய சர்வரில் அது இயங்குகிறதா என்று பார்க்க 'சிஸ்' டைரக்டரியில் சிபியு பகுதியின் கீழ் 'வல்னரபிலிட்டீஸ்' என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஓட்டையின் பெயரிலும் ஒரு கோப்பு. மெல்ட்டவுன் கோப்பில் 'மிடிகேஷன்: பிடிஐ' என்றோ 'பாதிப்பில்லை' என்றோ வந்தால் சரி. 'வல்னரபிள்' என்று வந்தால், வேகத்துக்காக யாரோ பூட் வரியில் பாதுகாப்பை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இணையத்தில் அப்படி ஒரு 'டிப்ஸ்' ரொம்ப நாளாகச் சுற்றுகிறது.

ரூட்டையே கட்டுப்படுத்த முடியுமா என்றால், ஓரளவு முடியும். 2019-இன் 5.4 பதிப்பில் 'லாக்டவுன்' வந்தது. அதன் 'கான்ஃபிடென்ஷியாலிட்டி' நிலையில், 'கேகோர்' போன்ற கோப்புகள் வழியாகக் கெர்னல் மெமரியை ரூட்டும் படிக்க முடியாது. ஆனால் ரூட் ஒரு சாதாரணப் புரோசஸோடு ஒட்டிக்கொண்டு படிப்பதை அது தடுப்பதில்லை. 5.14-இல் வந்த 'மெம்எஃப்டி சீக்ரெட்' அந்த வகையில் இன்னும் சுவாரஸ்யம்: அதில் வைத்த பக்கங்களைக் கெர்னலே தன் வரைபடத்திலிருந்து எடுத்துவிடும். சாவி வைக்க நல்ல இடம். உங்கள் அலுவலகத்துக்கு இதெல்லாம் இப்போது தேவையில்லை.

முதலாளியிடம் இதற்கு நேரம் ஒதுக்கச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவித்தாக வேண்டும். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆட்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் எண்கள் உட்பட, அந்த ஒரே சர்வரில் இருக்கிறார்கள். புது சர்வர் விலையைப் பேசத் தயாராக இருந்த முதலாளி இதற்கு ஒரு சனிக்கிழமை தர மாட்டாரா?

எல்லாம் செய்து முடித்ததும், நீங்கள் ரூட்டாக இருந்து பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், ரூட்டுக்கு எல்லாம் தெரியும். ஒரு கிராணியின் கணக்கில் நுழைந்து, சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'பிஎஸ்' தட்டுங்கள், அந்தப் புரோசஸின் 'என்விரான்' கோப்பைத் திறந்து பாருங்கள், கெர்னல் லாகைக் கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். சிஸ்டம் மதிப்புகளைக் கட்டளையாக மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த ரீபூட்டில் பறந்துவிடும், 'சிஸ்கன்ட்ரோல்' கோப்பில் எழுதி வையுங்கள். கெர்னல் அப்டேட் இறங்கிவிட்டது என்பதாலேயே புதுக் கெர்னல் ஓடுகிறது என்று ஆகாது. ரீபூட் செய்யும்வரை பழையதுதான் ஓடும், 'யூநேம்' தட்டினால் தெரியும். சம்பளம் 7-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும் என்பதால், ரீபூட்டை 8-ஆம் தேதிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.